யோசனைக் கூட்டத்தில் பேசத் தயங்குவோருக்கு ஏற்காட்டில் ஒரு நாள் பயிற்சி

பிரெயின்ஸ்டார்மிங் எனப்படும், பலர் கூடி யோசனை சொல்லும் கூட்டங்களில் தயக்கமின்றிக் கருத்துச் சொல்வதற்காக, சேலத்துப் பயிற்சி மையம் ஒன்று ஏற்காட்டில் நடத்தும் ஒரு நாள் வகுப்புக்கு எங்கள் சேகோ (ஜவ்வரிசி) ஆலையிலிருந்து சிலரை அனுப்பியிருந்தார்கள். வகுப்பு முழுவதும் தமிழிலேயே நடந்ததை முதலில் பாராட்ட வேண்டும். ஆங்கிலம் சரளமாக வராது என்ற ஒரே காரணத்தால் கூட்டங்களில் வாய் திறக்காதவர்கள் எங்கள் ஊரில் ஏராளம்.

காலைப் பகுதி எனக்கு நிறைவளிக்கவில்லை. எழுந்து நின்று உரக்கப் பேசுவது, கண்ணாடி முன் பழகுவது என்று தயக்கத்தை அவரவர் குணக்குறையாகவே நடத்தினார்கள். மேலாளர் முதல் ஆளாகத் தம் கருத்தைச் சொல்லிவிட்டு "வேறு யாருக்காவது ஏதாவது?" என்று கேட்கும் கூட்டத்தில், எவ்வளவு துணிச்சல்காரராக இருந்தாலும் மாற்றுக் கருத்தை எடுத்து வைப்பது கடினம்தான்.

மதியத்துக்குப் பிறகு வகுப்பு சரியான இடத்தைத் தொட்டது. விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்பர்ன் 1953இல் நூலாக வெளியிட்ட பிரெயின்ஸ்டார்மிங் விதிகளை, அதாவது உடனே குறை சொல்லாதே, நிறைய யோசனை சொல், விபரீதமாகத் தோன்றுவதையும் சொல், பிறர் சொன்னதன் மேல் கட்டு என்பவற்றை விளக்கிய பயிற்றுநர், அதோடு நிற்கவில்லை. கூடிப் பேசும் குழுவைவிட, அதே எண்ணிக்கையிலானவர்கள் தனித்தனியே யோசித்தால் அதிக யோசனைகள் கிடைக்கின்றன என்று 1958இல் யேல் பல்கலைக்கழக ஆய்வு காட்டியதையும், ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க நேர்வதே அதற்கு முக்கியக் காரணம் என்று 1987இல் டீல், ஸ்ட்ரோப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கண்டறிந்ததையும் பொறுமையாக எடுத்துரைத்தார்.

அதற்கு மாற்றாக, ஜெர்மானியரான பெர்ன்ட் ரோர்பாக் 1968இல் வெளியிட்ட எழுத்து முறையைச் செய்ய வைத்தார். ஆறு பேர் அமர்ந்து, 5 நிமிடத்தில் ஆளுக்கு மூன்று யோசனைகளை எழுதித் தாளைப் பக்கத்தவரிடம் தள்ள வேண்டும். ஆறு சுற்று முடிந்தால் அரை மணி நேரத்தில் 108 யோசனைகள். களத்தில் காயும் ஜவ்வரிசியைத் திடீர் மழையிலிருந்து காப்பது எப்படி என்பதே எங்கள் மேசைக்குக் கொடுத்த கேள்வி. கூட்டங்களில் ஒரு வார்த்தையும் பேசாத எங்கள் லோடிங் பகுதி ஊழியர், தார்ப்பாய்களை ஒரே மூலையில் அடுக்காமல் களத்தின் நான்கு ஓரங்களிலும் சுருட்டி வைக்கலாம் என்று எழுதினார். அதன் கீழேயே கணக்குப் பிரிவு அம்மா, "ஓரத்தில் கயிறு கட்டிவிட்டால் இரண்டு பேர் இழுத்தே மூடிவிடலாம்" என்று சேர்த்திருந்தார். பயிற்றுநர் தாளைப் படிக்கச் சொன்னபோது அந்த ஊழியர் தம் வரியை மட்டுமன்றி, கயிற்றை எந்தப் பக்கம் கட்ட வேண்டும் என்பதையும் கை காட்டி விளக்கினார். கையில் எழுதி வைத்த ஒரு வரி இருந்தால் பேச்சு தானாக வருகிறது என்பதை அங்கே நேரில் பார்த்தேன்.

சாப்பாடும் இடவசதியும் குறை சொல்லும்படி இல்லை. ஆனால் இந்த எழுத்துப் பயிற்சிக்குக் கடைசி இரண்டு மணி நேரமே ஒதுக்கியது போதாது; காலைப் பகுதியைக் குறைத்து இதை நீட்டலாம். ஊழியர்களை மட்டும் அனுப்பும் முதலாளிகள், கூட்டத்தை நடத்துகிற மேலாளரையும் கட்டாயம் உடன் அனுப்ப வேண்டும். கூட்டத்தின் முதல் சில நிமிடங்களை எழுதுவதற்கு ஒதுக்கும் அதிகாரம் அவரிடம்தான் இருக்கிறது. பதிவு செய்யும்போதே உங்கள் ஆலையின் பிரச்சினை ஒன்றைச் சொல்லிவிட்டால், அதையே மேசைக் கேள்வியாக வைக்கிறார்கள்.