வசந்த கால நடவுக்கு முன் நர்சரிகளில் நான் பார்ப்பவை

வசந்த கால நடவுக்காகப் பக்கத்து நர்சரிகளுக்கும் தோட்டக் கடைகளுக்கும் பல வருடங்களாகப் போய் வருகிறேன். எந்தக் கடை நல்ல கடை என்று கேட்டால் என் பதில் இதுதான்: நாற்றின் வேரைப் பார்க்க வேண்டும் என்றதும் முகம் சுளிக்காமல் தொட்டியைக் கவிழ்த்துக் காட்டுகிற கடை.

வெள்ளை வேர்கள் மண்கட்டியை உதிராமல் பிடித்திருந்தால் தாராளமாக வாங்கலாம். வட்டவட்டமாகச் சுற்றி இறுகியிருந்தால் அந்த நாற்று தொட்டியிலேயே ரொம்ப நாள் கிடந்திருக்கிறது. நட்ட பிறகும் வேர் வெளிமண்ணில் பரவ நேரம் எடுக்கும். பழுப்பேறிக் குழகுழவென்று இருந்தால் அழுகல், தொடவே வேண்டாம். அடுத்து இலையைத் திருப்பிப் பார்ப்பேன். அசுவினிப் பூச்சியும் வெள்ளை ஈயும் அடிப்பக்கத்தில்தான் ஒட்டியிருக்கும். பூவும் பிஞ்சுமாக நிற்கும் தக்காளி நாற்று கண்ணைப் பறிக்கும். இருந்தாலும் குட்டையாக, தண்டு தடித்து, இன்னும் பூக்காத நாற்றைத்தான் எடுப்பேன். அதுதான் சீக்கிரம் வேர் பிடிக்கிறது.

பெரிய கடைகள் மீது எனக்கு ஒரு வருத்தம் உண்டு. குளிர் முழுதாக விலகும் முன்பே தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றுகளை அடுக்கிவிடுகிறார்கள். இவை உறைபனி தாங்காதவை. தக்காளிக்கு மண்ணே 15 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும். பசுமைக்குடிலில் வளர்ந்ததா, வெளியில் பழக்கியதா என்று கேட்டால் பல இடங்களில் பதில் வராது. குடிலில் வளர்ந்தவற்றை 7 முதல் 10 நாள் வரை, முதலில் நிழலில் சில மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெயில் என்று பழக்கித்தான் நட வேண்டும். சொந்தமாக நாற்று வளர்க்கும் சின்ன நர்சரிகளில் கேட்கும் முன்பே இதைச் சொல்லிவிடுகிறார்கள். ரகங்கள் அங்கே குறைவுதான், பரவாயில்லை.

அதனால் விதையையும் நாற்றையும் ஒரே நாளில் வாங்குவதில்லை. குளிர் இருக்கும்போதே போய் விதை வாங்கிவிடுவேன், அப்போதுதான் ரகங்கள் எல்லாம் கிடைக்கும். பாக்கெட்டில் தேதி பார்ப்பது முக்கியம். தக்காளி விதை நன்றாக வைத்திருந்தால் 4 வருடம்கூட முளைக்கும். வெங்காய விதை ஒரு வருடம் தாண்டினாலே சந்தேகம்தான். வெங்காயத்தில் இன்னொன்றும் உண்டு. சில ரகங்கள் பகல் 10 முதல் 12 மணி நேரம் இருந்தாலே கிழங்கு வைக்கும், சிலவற்றுக்கு 14 மணி நேரமாவது தேவை. உள்ளூர்க் கடைக்காரரிடம் கேட்டு வாங்கினால் நம் பகுதிக்குப் பொருந்தும் ரகம் கிடைக்கும். வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) ரகத்தில் விதை எடுத்துவைத்தால் அடுத்த முறை அதே குணம் வராது என்பதையும் நல்ல கடையில் சொல்வார்கள்.

உர மூட்டையில் உள்ள மூன்று எண்கள் முறையே தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) ஆகியவற்றின் அளவைக் காட்டும். இலை மட்டும் செழித்துக் காய் குறைந்திருந்தால் முதல் எண் பெரிதாக உள்ளதைத் தவிர்ப்பேன். மண்புழு உரத்தைக் கையில் எடுத்து முகர்ந்து பார்க்கலாம், ஈரமண் வாசனை வர வேண்டும். நாற்றமடித்தால் சரியாக மக்கவில்லை.

நாற்று வாங்க வார நாள் காலையில் போவது நல்லது. கூட்டம் இருக்காது, கடைக்காரருக்கும் பேச நேரம் இருக்கும். புது நாற்று எந்தக் கிழமை வந்து இறங்கும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.