பழைய கார் வாங்கப் போகிறவர்கள் படிக்கவும்: 3,85,000 ரூபாயும் போச்சு, வண்டியும் போச்சு

கோபத்தில் எழுதுகிறேன். கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

3,85,000 ரூபாய் முழுசாகக் கட்டி வாங்கிய காரை நேற்று காலையில் பேங்க் அனுப்பிய சீஸிங் ஆட்கள் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு லோனே கிடையாது. டியூ கட்டாமல் விட்டவர் வேறு ஒருவர். ஆர்.சி.யில் இன்னும் அவர் பெயர்தான் இருக்கிறது, அதனால் நான் என்ன கத்தியும் பலனில்லை. "சார், நீங்க யாருன்னே எங்க லிஸ்ட்ல இல்ல" என்று சொல்லிவிட்டு என் கையிலிருந்தே சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

விற்ற இடத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பைபாஸ் ஓரமாகத் தோரணம் கட்டி, பழைய கார்களைக் கழுவித் துடைத்து வரிசையாக நிறுத்தியிருப்பார்களே, அந்த மாதிரி ஒரு யார்டு. பார்க் அண்ட் சேல் என்பார்கள். ஓனர் வண்டியைக் கொண்டுவந்து விடுவார், யார்டு விற்றுக் கொடுத்துக் கமிஷன் எடுத்துக்கொள்ளும்.

நான் ஒன்றும் பார்க்காமல் வாங்கவில்லை. அங்கே நின்றபடியே எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டேன். லோன் கொடுத்த பேங்க் பெயர் வந்தது. வண்டி மேல் கடன் இருக்கிறது என்று ஆர்.சி.யில் ஏறும் பதிவைத்தான் எச்.பி. என்பார்கள். "எச்.பி. இன்னும் காட்டுதே?" என்று கேட்டேன். யார்டு மேனேஜர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. டிராயரைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்தான். பெயர் மாற்றத்துக்கு ஓனர் கையெழுத்துப் போட்ட ஃபார்ம் 29, ஃபார்ம் 30, எச்.பி.யை நீக்க பேங்க் சீல் குத்திய ஃபார்ம் 35, அதன்மேல் பேங்க் லெட்டர்ஹெட்டில் ஒரு என்.ஓ.சி., அதாவது ஆட்சேபனை இல்லை என்ற கடிதம். ஊதா மையில் வட்டச் சீல், அதற்குக் குறுக்கே பச்சை மையில் கையெழுத்து, லோன் நம்பர், சேஸிஸ் நம்பர் எல்லாம் கச்சிதமாக இருந்தது. "லோன் போன மாசமே க்ளோஸ் சார். ஆர்.டி.ஓ.ல எச்.பி. கேன்சல் பண்ணினாதான் ஆப்புல போகும். அதையும் நேம் டிரான்ஸ்ஃபரையும் சேர்த்து நாங்களே போட்டுக் குடுத்துடுறோம்."

இதில் எரிச்சல் என்னவென்றால், அவன் சொன்ன நடைமுறை சரிதான். கடனை அடைத்தாலும் ஆர்.டி.ஓ.வில் விண்ணப்பித்து நீக்கும்வரை அந்தப் பதிவு இருக்கும். உண்மையான நடைமுறைக்குள் பொய்யான கடிதத்தைச் செருகியிருந்தான்.

அப்புறம் ஓனருக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். "ஆமா சார், என் வண்டிதான். கையெழுத்தெல்லாம் போட்டுக் குடுத்துட்டேன். லோன் விஷயத்த யார்டுல பாத்துக்குறாங்க" என்றார். நிஜமான ஓனர், நிஜமான பேச்சு. லோன் முடிந்துவிட்டது என்று எனக்குக் கேட்டது. என் பணம் வந்ததும் யார்டு அடைத்துவிடும் என்ற நினைப்பில் அவர் சொல்லியிருக்கிறார். அன்றைக்கே 3,85,000 ரூபாயை யார்டு கணக்குக்கு அனுப்பினேன். "பெயர் மாற்றம் எங்கள் பொறுப்பு" என்று டெலிவரி நோட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு இப்போது என்ன செய்ய?

பிறகு ஆரம்பித்தது அலைச்சல். ஆர்.டி.ஓ.வில் சர்வர் பிரச்சினை என்றார்கள். ஃபைல் போட்டாச்சு என்றார்கள். பார்ட்னர் வெளியூரில் இருக்கிறார், திங்கட்கிழமை வாங்க என்றார்கள். எல்லாத் திங்கட்கிழமையும் அடுத்த திங்கட்கிழமைக்குப் போனது. கடைசியில் நானே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். அப்படி ஒரு விண்ணப்பமே வரவில்லை. பேங்க் கிளையில், "நீங்க தேர்ட் பார்ட்டி, லோன் விவரம் சொல்ல முடியாது" என்றார்கள். என்.ஓ.சி. நகலைக் காட்டியதும் மட்டும் அந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "இது நாங்க குடுத்தது இல்ல சார்" என்றார்.

ஓனரைத் தேடிப் பிடித்தேன். யார்டு அவருக்கு அட்வான்ஸாக 50,000 மட்டும் கொடுத்திருக்கிறது. "முழுப் பணம் வந்தாதானே சார் வித்த மாதிரி? வண்டி இன்னும் என்னுதுதான்" என்கிறார். அவரும் ஏமாந்தவரா, கூட்டாளியா, எனக்கு இன்னும் புரியவில்லை. ஆனால் கொஞ்சம் பயந்திருக்கிறார். விபத்து இழப்பீட்டு வழக்கில் ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நான் ஓட்டி ஏதாவது ஆகியிருந்தால் அவர் தலையில்தான் விழுந்திருக்கும்.

எனக்கு என்ன வழி என்று பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 51-வது பிரிவின்படி, கடன் கொடுத்தவர் எழுத்தில் சம்மதிக்காமல் ஆர்.டி.ஓ. பெயர் மாற்றவே முடியாது. பாக்கியைக் கட்டி வண்டியை மீட்டாலும் அது ஓனர் பெயரில்தான் நிற்கும். அவருடைய கடனை அடைத்த புண்ணியம் மட்டும் எனக்கு.

ஸ்டேஷனில் முதலில் "சிவில் மேட்டர், பேசித் தீத்துக்குங்க" என்றார்கள். போலி என்.ஓ.சி. என்பது சிவிலா? பேங்கில் சொன்னதை எழுதிக் கொடுத்த பிறகுதான் சி.எஸ்.ஆர். (புகார் வாங்கியதற்கான ரசீது) போட்டார்கள். எஃப்.ஐ.ஆர். இன்னும் இல்லை. யார்டில் இன்று போன் எடுத்த பையன் "அந்த மேனேஜர் வேலைய விட்டு நின்னுட்டார் சார்" என்றான். என் 3,85,000 ரூபாயையும் எடுத்துக்கொண்டா நின்றார்?

விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஆப்பில் எச்.பி. காட்டினால் யார் எந்தத் தாளைக் காட்டினாலும் நம்பாதீர்கள். ஓனரையும் கூட்டிக்கொண்டு லோன் கொடுத்த கிளைக்கே போங்கள். பாக்கி இருந்தால் அந்தத் தொகையை நேராக லோன் கணக்கில் கட்டுங்கள், யார்டு கணக்கில் வேண்டாம். மீதியில் ஒரு பெரிய பங்கைப் பெயர் மாறும்வரை பிடித்து வையுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பழைய வண்டி விற்கும் டீலர்கள் ஆர்.டி.ஓ.வில் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் 1 முதல் விதி இருக்கிறது. ஃபார்ம் 29பி. அதைக் கேளுங்கள். இந்த யார்டில் அது இல்லை என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

ஏற்கெனவே வாங்கிவிட்டு ஆர்.சி. வரும் வரும் என்று காத்திருப்பவர்கள், நாளைக்கே பேங்கில் போய் என்.ஓ.சி.யைக் காட்டிக் கேளுங்கள். வக்கீல் கூப்பிடுகிறார், மிச்சம் அப்புறம்.