வந்தவன் சொல்வதா, கண்டவன் சொல்வதா?

வேற்றுலகத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை, அவனை முதலில் பார்த்த இந்த உலகத்துப் பிள்ளை. இளையோருக்கான அறிவியல் புனைவில் இந்த இருவர் அமைந்துவிட்டால் கதைக்கரு கையில் வந்துவிட்டது. எழுத உட்காரும்போது முதலில் தீர்க்க வேண்டியது, கதையை யார் கண் வழியாகக் கொண்டுபோவது என்பதுதான். இரண்டையும் எழுதிப் பார்த்தபின் நான் நிற்பது கண்டவன் பக்கம்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வந்தவன் சொன்னால் தனிமை நெஞ்சுக்கு அருகில் வரும். காசு, பூட்டு, பொய் என்று நாம் யோசிக்காமல் கடந்துபோகும் எல்லாமே விசித்திரமாகத் தெரியும். கண்டவன் சொன்னால் வாசகருக்குப் பழகிய வீடு, பள்ளி, தெரு வழியே கதை நுழையும். விளக்கிச் சொல்ல வேண்டியது குறையும். முதல் அத்தியாயத்தை வைத்துப் பார்த்தால் இரண்டும் சமம்தான். ஆறாவது, ஏழாவது அத்தியாயத்தில்தான் வித்தியாசம் வெடிக்கும். மர்மத்தைக் கடைசிவரை கெடாமல் வைத்திருக்க எது அதிக உழைப்பு கேட்கிறது என்பதே முடிவு செய்யும் காரணம்.

தான் எங்கிருந்து வந்தோம் என்பது வந்தவனுக்குத் தெரியும். அவன் தலைக்குள் உட்கார்ந்துகொண்டு அதை வாசகரிடம் மறைத்தால் அது ஏமாற்று. தன்மையில் எழுதினாலும், அவன் எண்ணங்களை ஒட்டிப் படர்க்கையில் எழுதினாலும் இதுவே நிலை. பதிமூன்று வயது வாசகர் இதை உடனே பிடித்துவிடுவார்; ‘இவனுக்குத்தான் எல்லாம் தெரியுமே, ஏன் சொல்லவில்லை?’ என்ற கேள்வி வந்ததும் நூல் அறுந்துவிடும். முதலிலேயே சொல்லிவிட்டால் மர்மம் போய், கதை ஒளிந்தோடும் கதையாகிவிடும். அதுவும் நல்ல வகைதான், ஆனால் வேறு வகை. மிஞ்சுவது ஒரே வழி: வந்தவனின் நினைவை அழிப்பது.

அலெக்சாண்டர் கீ எழுதிய இரண்டு நாவல்கள் இதற்குச் சாட்சி. 1965-இல் வந்த ‘தி ஃபர்காட்டன் டோர்’ கதையில் ஒரு சிறுவன் வேறு உலகிலிருந்து கதவு ஒன்றின் வழியே விழுந்து, நினைவில்லாமல் எழுகிறான். 1968-இல் வந்த ‘எஸ்கேப் டு விட்ச் மவுண்டன்’ கதையில் அண்ணன் தங்கை இருவர். தாங்கள் எங்கிருந்து வந்தோம் என்பது அவர்களுக்கே தெரியாது. வந்த பிள்ளைகளை நடுவில் நிறுத்தியதும் அவர்களின் அறிவைப் பறிக்க வேண்டியதாயிற்று. அவர் அதைத் திறமையாகச் செய்தார். ஆனால் நினைவிழப்பு ஒரு கடன், தவணை தவறாமல் கட்டியாக வேண்டும்.

கட்டும் வரிசை முக்கியம். முதலில் உடல் நினைவு திரும்பட்டும்: கை தானாக ஒரு முடிச்சைப் போடுகிறது, யாரும் கற்றுத்தராத முடிச்சு. அடுத்து மொழி: தூக்கத்தில் ஒரு சொல். பிறகு முகங்கள். பெயர்களும் இடங்களும் கடைசியில். எழுதுபவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். கதைக்குத் தேவைப்படும் நிமிடத்தில் நினைவு சொல்லிவைத்தாற்போல் வந்து நிற்கும். அதைத் தவிர்க்க ஒவ்வொரு நினைவுக்கும் ஒரு விலை வையுங்கள். மறந்த ஒரு பாடலை நினைவுபடுத்திக்கொள்ள அவன் வாய்விட்டுப் பாட வேண்டும். பாடினால் அவனைத் தேடுபவர்களுக்குக் கேட்டுவிடும். இப்படி மூன்று திருப்பங்களை அத்தியாய எண்ணோடு முன்பே குறித்துக்கொள்ளாமல் வந்தவன் கண் வழியாகத் தொடங்க வேண்டாம்.

கண்டவனுக்கு இந்தச் செலவே இல்லை. அவனுக்கு உண்மையிலேயே எதுவும் தெரியாது. வாசகரும் அவனும் ஒரே படியில் நிற்கிறார்கள்.

இங்கிலாந்தின் வுல்பிட் கிராமத்தில் 12-ஆம் நூற்றாண்டில் கிடைத்ததாகச் சொல்லப்படும் பச்சைக் குழந்தைகளின் கதையைப் பாருங்கள். கோகெஷல் ரால்ஃப், நியூபர்க் வில்லியம் என்ற அக்கால வரலாற்றுக் குறிப்பாளர்கள் இருவர் எழுதிவைத்தார்கள். தோல் பச்சை, பேச்சு புரியவில்லை, எந்த உணவையும் தொடவில்லை. அவரைச் செடியைக் கண்டதும் பாய்ந்து எடுத்த குழந்தைகள் காயை விட்டுவிட்டுத் தண்டைப் பிளந்து பார்த்து, உள்ளே ஒன்றும் இல்லாததால் அழுதார்கள். பையன் இறந்துபோக, மொழி கற்றுக்கொண்ட பெண் தன் நாட்டில் சூரியனே இல்லை, அந்தி வெளிச்சம் மட்டுமே என்றாள். எண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தக் கதை உயிரோடு இருக்கிறது. நமக்குக் கிடைத்தது வெளியே நின்று பார்த்தவர்களின் பக்கம் மட்டும்தானே. தண்டைப் பிளந்து அழுததை அந்தக் குழந்தையே சொல்லியிருந்தால் ‘எங்கள் ஊரில் அவரை தண்டுக்குள் இருக்கும்’ என்று ஒரே வரியில் முடிந்திருக்கும்.

இதே வித்தையை வானியலைக் கொண்டும் செய்யலாம். சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் உள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரியை ஒரு கோள் 11.2 நாளில் சுற்றி முடிக்கிறது. அங்கே ஆண்டு என்பது அவ்வளவுதான். அங்கிருந்து வந்த சிறுமி ‘எனக்கு நானூறு வயசு’ என்கிறாள். கண்டவன் சிரிக்கிறான், பின்னால் ஒருநாள் பெருக்கிப் பார்க்கிறான்: 4,480 நாள், நம் கணக்கில் பன்னிரண்டே கால் வயது. சிறுமியின் வாயிலாகக் கதை போனால் இந்த வரியில் மர்மமே கிடையாது, அது அவளுடைய சாதாரண வயது.

இன்னொன்று. வந்தவனுடைய உலகில் ஒரு நாளின் நீளம் செவ்வாயில் உள்ளதுபோல் 24 மணி 39 நிமிடம் என்று வையுங்கள். பூமியின் வெளிச்சம் அவன் உடல் கடிகாரத்தை மாற்றவில்லை என்றால், ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 40 நிமிடம் தாமதமாகத் தூக்கம் வரும். முதல் நாள் இரவு 9 மணிக்குத் தூங்கியவன் 18 நாள் கழித்துக் காலை 9 மணிக்குத் தூங்கப்போவான். கண்டவன் நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டு வந்தால் போதும், பத்தாவது நாள் வாசகரே கணக்குப் போடத் தொடங்கிவிடுவார். இந்தத் துப்பையும் முந்தையதையும் ஒரே பிள்ளை மேல் ஏற்றாதீர்கள். ஒரு உலகத்தை முடிவு செய்து, எல்லாத் துப்பும் அதிலிருந்தே பிறக்க வேண்டும். ஈர்ப்பிலும் இதே எச்சரிக்கை: ஈர்ப்பு குறைந்த உலகில் வளர்ந்த பிள்ளை இங்கே துள்ளிக் குதிக்கமாட்டான், படியேறவே மூச்சு வாங்கும். செவ்வாயின் ஈர்ப்பு பூமியினுடையதில் 38 விழுக்காடு. அங்கே வளர்ந்தவனுக்கு இங்கே தன் எடை இரண்டரை மடங்குக்கு மேல் கூடியதுபோல் இருக்கும். பல கையெழுத்துப் படிகளில் இது தலைகீழாக இருக்கிறது.

ஒவ்வொரு துப்பும் மூன்று முறை வர வேண்டும். முதலில் வெறும் விநோதமாக, இரண்டாவதாக ஒரு ஒழுங்காக, மூன்றாவதாகப் பொருளோடு. இருபது அத்தியாயக் கதைக்கு ஐந்து துப்பு தாராளம். எட்டுக்கு மேல் போனால் மூன்றாம் சுற்றுக்கு இடம் இருக்காது.

தமிழில் எழுதுபவருக்குக் கண்டவன் பக்கம் இன்னொரு வரமும் உண்டு: வந்தவன் பேசும் தமிழ். வந்தவனே கதை சொன்னால் முந்நூறு பக்கமும் தேர்ந்த தமிழில் ஓட வேண்டும், அங்கே மொழி கற்கும் தடுமாற்றத்துக்கு இடமில்லை. கண்டவன் காதால் கேட்கும்போது ஒவ்வொரு பிழையும் ஒரு துப்பு. பாட்டியை ‘நீ’ என்பான், நாயை ‘நீங்க’ என்பான். எல்லாவற்றையும் விட நம் மொழியில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. ‘நாங்க மழையில நனையமாட்டோம்’ என்று தன் கூட்டத்தைப் பிரித்தே பேசிக்கொண்டிருந்தவன், பதினேழாம் அத்தியாயத்தில் ‘நாம வீட்டுக்குப் போகலாம்’ என்கிறான். எந்த வீடு? கேட்டவனுக்குத் தூக்கி வாரிப்போடுகிறது. ஒரு விகுதி அளவு மாற்றத்தில் உச்சக்காட்சி கிடைக்கிறது. அவனைக் கண்டவன் ‘அது’ என்று சொல்லத் தொடங்கி ‘அவன்’ என்று மாறும் வரியையும் தேர்ந்தெடுத்து வையுங்கள், தற்செயலாக மாறிவிடக் கூடாது.

கண்டவன் பக்கத்திலும் ஓட்டை உண்டு. முக்கியமான இடத்தில் அவன் இருக்கமாட்டான். ஜான் விண்டம் 1957-இல் எழுதிய ‘தி மிட்விச் குக்கூஸ்’ கதைசொல்லி, ஊரே மயங்கிக் கிடந்த நாளில் லண்டனில் இருந்தவர். விண்டம் அந்தக் குறையையே வாசலாக்கினார்: அவர் திரும்பி வந்து என்ன நடந்தது என்று தேடும்போது நாமும் தேடுகிறோம். ஆனால் அந்தக் கதைசொல்லி பெரியவர், பெரும்பாலும் பார்வையாளர். இளையோர் கதையில் இது செல்லாது. கண்டவனுக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு வயது இருக்கட்டும். வந்தவனை ஒளித்துவைத்ததால் அவன் எதையாவது இழந்துகொண்டே போக வேண்டும், நண்பனை, அம்மாவின் நம்பிக்கையை. கதவிடுக்கில் ஒட்டுக்கேட்கும் காட்சி முழுக் கதைக்கும் ஒன்றே போதும். மற்றவற்றை வந்தவன் பிறகு வந்து தன் அரைகுறைத் தமிழில் சொல்லட்டும், தவறான சொல்லில் சொன்னால் இன்னும் நல்லது.

அத்தியாயத்துக்கு அத்தியாயம் இருவரும் மாறி மாறிச் சொல்லும் முறை பார்வைக்குச் சமரசம்போல் இருக்கும். வந்தவனின் முதல் அத்தியாயத்திலேயே மறைக்கும் சிக்கல் திரும்ப வந்துவிடுவதால் நான் பரிந்துரைப்பதில்லை. படக்கதைக்கு இதே தீர்ப்பைச் சொல்லத் தயங்குவேன். அங்கே தலைக்குள் புகாமலே முகத்தைக் காட்டிவிடலாம். ஆறேழு பிள்ளைகள் கூட்டமாக வந்து ஒரே மனதாக யோசிக்கும் கதைக்கும் தனிக் கணக்கு வேண்டியிருக்கலாம்.

இன்னும் ஊசலாடினால் நடுவிலிருந்து ஒரு காட்சியை எடுங்கள், முதல் காட்சி வேண்டாம். வந்தவன் முதல்முறை சூரியன் மறைவதைப் பார்க்கும் மாலை என்று வையுங்கள். இருவர் கண்ணாலும் ஐந்நூறு ஐந்நூறு சொல்லில் எழுதுங்கள். பிறகு சிவப்பு மையால், வந்தவனுக்குத் தெரிந்தும் நீங்கள் சொல்லாமல் விட்ட இடங்களை அடிக்கோடிடுங்கள். ஒரு பக்கத்தில் மூன்று கோட்டுக்கு மேல் விழுந்தால் கண்டவன் கையில் கொடுத்துவிடுங்கள்.