எஸ்எம்பிஎஸ் நல்லதுதான், யுபிஎஸ்ஸுக்குத்தான் ஆகவில்லை

கே.ஆர்.புரத்தில் இருக்கும் சித்தப்பா மகன் நேற்று இரவு போன் செய்தான். "அண்ணா, பழைய சிஸ்டத்துல கிராபிக்ஸ் கார்டு போடப் போறேன். எஸ்எம்பிஎஸ் மாத்தணுமா, இருக்கறதே போதுமா?" கம்ப்யூட்டருக்குள் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் டப்பாதான் எஸ்எம்பிஎஸ். நான் வாய் திறப்பதற்குள் இங்கே பெங்களூர் அல்சூரில், என் வீட்டில், கரண்ட் போனது. யுபிஎஸ் இருந்தும் என் கம்ப்யூட்டர் அணைந்தது. அந்தக் கடுப்போடுதான் இதை எழுதுகிறேன்.

என்னுடையதும் பழசுதான். ஐ5-4570 பிராசஸர், எச்81 மதர்போர்டு. 2022இல் செகண்ட் ஹேண்டில் ஒரு ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு கிடைத்தது. அப்போது கேபினட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் கொட்டை எழுத்தில் 450 வாட் என்று போட்டிருந்தது. கார்டுக்கு 125, பிராசஸருக்கு 84, தாராளம் என்று நினைத்தேன். கேம் திறந்த பத்தாவது நிமிடத்தில் ரீஸ்டார்ட். பிறகுதான் பக்கத்து ஸ்டிக்கரின் பொடி எழுத்தைப் படித்தேன்: 12 வோல்ட் லைனில் 14 ஆம்பியர். பெருக்கினால் 168 வாட். பிராசஸரும் கார்டும் சாப்பிடுவது அந்த லைனில்தான், மிச்ச வாட்டெல்லாம் காகிதத்தில். கார்டுக்கு வேண்டிய 8 பின் வயர்கூட அதில் இல்லை, ஹார்ட் டிஸ்க் மாதிரி சாமான்களுக்கான பழைய மோலக்ஸ் வயரிலிருந்து ஒரு கன்வெர்ட்டர் போட்டு ஓட்டியிருந்தேன். எரியாமல் போனது என் அதிர்ஷ்டம்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடுக்குப் போய் 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (கரண்டை அதிகம் வீணாக்காது என்கிற தரச் சான்று) எஸ்எம்பிஎஸ் ஒன்று வாங்கினேன். 12 வோல்ட்டில் 45 ஆம்பியர். கையில் எடுத்தாலே கனம் தெரியும், பழைய டப்பா இதற்கு முன்னால் தகர டப்பா. அன்றிலிருந்து ஒரு ரீஸ்டார்ட் கிடையாது. ஃபேன் சத்தம் கேட்டதே இல்லை. சிபியு வயர் நாலும் நாலுமாகப் பிரியும். என் போர்டுக்கு நாலு பின்னே போதும், மீதிப் பாதி இன்னும் அநாதையாகத் தொங்குகிறது. அது போகட்டும்.

விஷயம் யுபிஎஸ். என்னிடம் இருப்பது சாதாரண 600 விஏ, அதாவது 360 வாட் சொச்சம். கரண்ட் போனதும் யுபிஎஸ் ஒரு முறை 'கீ' என்று கத்தும், அடுத்த நொடி எல்லாம் இருட்டு. பிரவுசர் மட்டும் திறந்திருந்தால் சில நேரம் தாங்கும். கேம் ஓடினால் நிச்சயம் போச்சு. கடைக்காரர் பேட்டரி என்றார். 12 வோல்ட் 7 ஏஎச் புதுசு போட்டேன், அப்படியேதான். கடைசியில் வீம்புக்குக் கார்டைக் கழற்றிவிட்டு அந்தத் தகர டப்பாவை மாட்டி, யுபிஎஸ் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். ஜம்மென்று ஓடியது! அன்று வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. நல்ல எஸ்எம்பிஎஸ்களில் ஆக்டிவ் பிஎஃப்சி என்று ஒரு சர்க்யூட் இருக்கிறது, வரும் மின்சாரத்தின் அலைக்கு ஏற்றபடி கரண்டை இழுப்பது அதன் வேலை. வீட்டு மின்சாரம் அலையாக ஏறி இறங்கும். மலிவு யுபிஎஸ் பேட்டரியிலிருந்து தருவதோ படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டி வரும். மாறும் அந்த நொடியில் பிஎஃப்சி சடாரென்று அதிகமாக இழுக்க, ஓவர்லோடு என்று யுபிஎஸ் கையை விரித்துவிடுகிறது. எல்லா ஜோடியும் இப்படிச் சண்டை போடாது, எனக்கு வாய்த்தது இப்படி. வீட்டு மின்சாரம் போலவே அலையாகத் தரும் சைன் வேவ் யுபிஎஸ் வாங்கினால் சரியாகும். அதன் விலை இந்த எஸ்எம்பிஎஸ்ஸைப் போல இரண்டு மடங்குக்கு மேல். கார்டு, எஸ்எம்பிஎஸ், பேட்டரி, இப்போது யுபிஎஸ்ஸா? மாட்டேன். அதனால் வானம் இருட்டினால் அடுப்படியிலிருந்து வீட்டுக்காரி குரல் வருகிறது: "மழை வருது, சேவ் பண்ணிக்கோங்க."

வாங்கியதில் உருப்படியான பொருள் இந்த எஸ்எம்பிஎஸ்தான். மறுபடி வாங்குவேனா என்று நேற்று இரவு கேட்டிருந்தால், தூக்கிப் போட்டிருப்பேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

காலையில் தம்பி தன் டப்பாவின் ஸ்டிக்கரைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். 12 வோல்ட், 15 ஆம்பியர். மாற்றச் சொல்லிவிட்டேன். யுபிஎஸ் என்னடா வைத்திருக்கிறாய் என்று கேட்டேன்.

"பழசுதாண்ணா. 600 விஏ."