டெட்-அ-டெட் டஃபோடில்: பூவுக்கு முழு மதிப்பெண், பைச்சீட்டுக்குப் பாதிதான்

கிழங்கிலிருந்து வளரும் பூச்செடியான டஃபோடிலை முதன்முறையாக வைப்பவர்களுக்கு டெட்-அ-டெட் ரகத்தைத் தயங்காமல் சொல்லலாம். உயரம் 15 முதல் 20 செ.மீ.தான். ஒரே தண்டில் பெரும்பாலும் இரண்டு மூன்று மஞ்சள் பூக்கள். காற்றிலும் மழையிலும் உயரமான ரகங்கள் தலைகுப்புறச் சாய்ந்து கிடக்க, இது நிமிர்ந்து நிற்கும். தொட்டியில் வைக்கவும் தோதான ரகம்.

வாங்கும்போது கிழங்குப் பையில் அச்சடித்த பூப்படத்தில் மயங்காமல் அளவைப் பாருங்கள். 10/12, 12/+ என்று போட்டிருப்பது கிழங்கின் சுற்றளவு, செ.மீ. கணக்கில். கிழங்கு பெரிதானால் தண்டுகளின் எண்ணிக்கையும் கூடும். கிழங்கில் வேர் விடும் அடித்தட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். கல்போல இருந்தால் நல்லது. பொதபொதவென்று உள்வாங்கி, செம்பழுப்பாகத் தெரிந்தால் ஃபியூசேரியம் என்ற பூஞ்சை தரும் அழுகல், கழித்துவிடுங்கள். கழுத்து மெத்தென்றிருந்தால், டஃபோடில் கிழங்கைத் தாக்கும் நார்சிசஸ் ஈயின் பருத்த புழு நடுக்குருத்தைத் தின்று தீர்த்திருக்க வாய்ப்புண்டு.

நடுவதில் பலர் சறுக்குவது ஆழத்தில்தான். கிழங்கின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு குழி வேண்டும்: 4 செ.மீ. கிழங்குக்கு 12 செ.மீ. ஆழமில்லாமல் மேலாக நட்டால் கிழங்கு பிளந்து குட்டிகளாகப் பெருகும். இலை மட்டும் வரும், பூ வராது. இலையுதிர் காலத்தில், நீர் தேங்காத மண்ணில், கூர்நுனி மேலே பார்க்க நடுங்கள். குளிர்காலமே இல்லாத இடத்தில் நடுமுன் 12 முதல் 15 வாரம் 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைத்தாக வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்தால் பழங்களைத் தள்ளி வையுங்கள். அவை விடும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும்.

பழத்தைவிடப் பெரிய கவலை சமையற்கட்டு. டெட்-அ-டெட் கிழங்கு பார்வைக்கு அச்சு அசல் சின்ன வெங்காயம். அதிலுள்ள லைகோரின் என்ற நஞ்சு கடும் வாந்தியையும் வயிற்றுவலியையும் உண்டாக்கும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பையில் 'உண்ணத்தக்கதல்ல' என்று பொடி எழுத்தில் ஒரு வரி போட்டால் யார் படிப்பார்கள்? மூடியுள்ள டப்பாவில் போட்டு, மேலே பெரிதாக 'விஷம்' என்று எழுதி வையுங்கள். இலையும் வெங்காயத்தாள் மாதிரிதான். ஆனால் கசக்கினால் வெங்காய வாசனை வராது. யாராவது தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். மீதிக் கிழங்கையோ பையையோ எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள். நாய், பூனைக்கும் இதே ஆபத்து. பூ வைத்த ஜாடித் தண்ணீரைக்கூட அவை நக்கக்கூடாது.

கையுறை பற்றிப் பைச்சீட்டில் பேச்சே இல்லாதது பெரிய குறை. தண்டை ஒடித்தால் வழுவழுவென்று கோழைபோல ஒரு சாறு வடியும். அதில் கண்ணுக்குத் தெரியாத கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் உண்டு. அவை விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் குத்தி அரிப்பையும் தடிப்பையும் கொண்டுவரும். பூப்பறிப்பவர்களிடம் இது தொழில்நோயாகவே உண்டு. நீர்புகாத கையுறையும் முழுக்கைச் சட்டையும் போதும். சாறு பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அதுவரை கண்ணைத் தொடாதீர்கள்.

பூ வாடியதும் தலையை மட்டும் கிள்ளிவிட்டு, இலையை ஆறு வாரமாவது விட்டுவையுங்கள். முடிச்சுப் போட்டுக் கட்டவும் கூடாது. அடுத்த ஆண்டுப் பூவுக்கான சாப்பாடு அந்த இலையில்தான் தயாராகிறது. உரம் போட்டால் பொட்டாஷ் மிகுந்ததாகப் போடுங்கள். தழைச்சத்து கூடினால் இலைதான் கொழுக்கும். சில ஆண்டுகளில் கொத்து நெருக்கியடித்துப் பூ குறைந்தால், இலை காய்ந்தபின் தோண்டிப் பிரித்து நடலாம்.

வெட்டிய பூவை மற்றப் பூக்களோடு உடனே ஜாடியில் வைக்காதீர்கள். சாறு பட்டு டூலிப் துவண்டுவிடும். தனித்தண்ணீரில் ஒருநாள் நிறுத்தி, தண்டை மறுபடி வெட்டாமல் சேருங்கள்.