மாடியில் ஒரு டப்பா, மாதம் 472 ரூபாய் மிச்சம்

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு ஐந்து வருடமாக ஃபைபர் இணைப்புதான். பிளான் 999, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக மாதம் 1,179 ரூபாய். 150 எம்பிபிஎஸ் வேகம், கூடவே பத்துப் பன்னிரண்டு ஓடிடி, அதில் நாங்கள் திறந்து பார்த்தது இரண்டுதான். மகளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டிய மாதம் செலவுக் கணக்கை எழுதிப் பார்த்தபோது இந்த ஒரு வரி கண்ணை உறுத்தியது. அப்படித்தான் 5ஜி வயர்லெஸ் இணைப்புக்கு மாறினோம். பிளான் 599, வேகம் 30 எம்பிபிஎஸ், வரியோடு 707. ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் மாட்டுவதற்குக் கூலி இல்லை என்றார்கள், 4,241 ரூபாய் கட்டினேன்.

எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை. கம்பெனியைவிட உங்கள் மொட்டை மாடிக்கும் டவருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதுதான் இதில் முக்கியம்.

மாடியில் ஒரு வெள்ளை டப்பா மாட்டுவார்கள், அது டவரிலிருந்து 5ஜி சிக்னலை வாங்கி ஒரு கேபிள் வழியாகக் கீழே இருக்கும் வைஃபை ரவுட்டருக்குக் கொடுக்கும், அவ்வளவுதான். ஆனால் அதை எங்கே மாட்டுகிறார்கள் என்பதில் எல்லாமே இருக்கிறது. வந்த பையன் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று படிக்கட்டு ரூம் சுவரிலேயே துளை போட்டு மாட்டிவிட்டுப் போய்விட்டான். ராத்திரி ஒன்பது மணிக்குப் பார்த்தால் 11 எம்பிபிஎஸ், மாமியாரின் சீரியல் நின்று நின்று ஓடியது. கஸ்டமர் கேருக்கு மூன்று முறை போன் செய்தேன், இரண்டு முறை யாருமே வராமல் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று மெசேஜ் மட்டும் வந்தது. அந்த இரண்டு வாரமும் எனக்குக் கோபம் அடங்கவே இல்லை, ஆறு மாதப் பணம் அவர்கள் கையில் இருக்கிறதே! மூன்றாவது முறை வந்தவர் வயதானவர், பொறுமைசாலி. போனில் சிக்னலைப் பார்த்துக்கொண்டே டப்பாவைக் கையில் பிடித்தபடி மாடி முழுக்க நடந்தார். தண்ணீர்த் தொட்டிக்கு மேற்குப் பக்கம் ஒரு பைப்பை நிறுத்தி, பக்கத்து வீட்டு மாமரத்தின் உச்சிக்கு ஒரு முழம் மேலே வருகிற மாதிரி கட்டினார். டப்பாவை லேசாகத் திருப்பும்போதே எண் ஏறி இறங்குவதை நானே பார்த்தேன். அன்றைக்கு ராத்திரியிலிருந்து 28, 29 வருகிறது.

முப்பது போதுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்குப்படி எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15. நாங்கள் நான்கு பேர், ஒரே ஒரு டிவி, என் கணவருக்கு வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை. தாராளமாகப் போதும். மாதம் 1,000 ஜிபி வரைதான் முழு வேகம், எங்களுக்கு 400-ஐத் தாண்டியதே இல்லை. குறை என்றால் பிங் தான், அதாவது நாம் அனுப்புவது போய்ப் பதில் திரும்பி வர ஆகும் நேரம், மில்லிசெகண்ட் கணக்கில். ஃபைபரில் 8, 10 என்று இருந்தது இப்போது 40-க்கு மேல் போகிறது. நமக்குத் தெரியாது, ஆனால் கேம் விளையாடும் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

வடிகாலுக்குத் தெருவைத் தோண்டும்போதெல்லாம் ஃபைபர் அறுந்து இரண்டு நாள் இணையம் இல்லாமல் கிடப்போம், அந்தத் தொல்லை இப்போது இல்லை. அதற்காக மழைக்கும் புயலுக்கும் இது தாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது கரண்ட் போய் செல்போன் டவர்களும்தான் படுத்துவிட்டன. அப்புறம், கரண்ட் போனால் ரவுட்டரோடு மாடி டப்பாவுக்கும் கரண்ட் வேண்டும், இரண்டையும் இன்வெர்ட்டர் லைனில் போடச் சொல்லுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். அதே கம்பெனியின் 5ஜி சிம் வைத்திருக்கும் யாரையாவது ராத்திரி ஒன்பது மணிக்கு மாடிக்கு அழைத்துப்போய், நான்கு மூலையிலும் நின்று வேகம் பாருங்கள். பகல் பதினொரு மணிக்குப் பார்ப்பதில் பிரயோஜனமே இல்லை, ஊரே வேலைக்குப் போயிருக்கும். பழைய ஃபைபரையும் ஒரு மாதம் விட்டுவைத்து அப்புறம் நிறுத்துங்கள், நான் அவசரப்பட்டு அதே வாரம் நிறுத்திவிட்டு அந்த இரண்டு வாரம் தவித்தேன்.

போன வாரம் ஆறு மாதம் முடிந்தது, ஒரு வருடத்துக்குக் கட்டச் சொல்லி போன் வந்தது. மறுபடியும் ஆறு மாதத்துக்குத்தான் கட்டினேன். டவர் இருக்கும் பக்கம் மூன்றாவது மனையில் ஃபிளாட் கட்டுகிறார்கள், இப்போது இரண்டாவது மாடிக்குக் கம்பி கட்டியிருக்கிறது.