அஞ்சு கோர்ஸ், அஞ்சு ஒயின்: நாலு சூப்பர், கடைசில சொதப்பிட்டாங்க

ஒவ்வொரு கோர்ஸுக்கும் ஒரு ஒயின் அவங்களே ஊத்தி தர்ற பேரிங் டின்னர், ரொம்ப நாளா போகணும்னு இருந்தது, நானும் வைஃபும் போனோம். கடைசில கொஞ்சம் திட்டப் போறேன், அதனால இடத்தோட பேர் வேணாம். எனக்கு முன்னாடி தெரிஞ்சதெல்லாம் கறிக்கு ரெட், மீனுக்கு ஒயிட், அதுவும் யாரோ சொல்லி கேட்டது.

ஒரு கிளாஸுக்கு 75 மில்லி தான் ஊத்துறாங்க. என்னப்பா இது தீர்த்தம் மாதிரி இருக்கேன்னு தோணுச்சு, அப்புறம் கணக்கு போட்டா அஞ்சு கிளாஸ் சேர்ந்து அரை பாட்டில் வருது, கடைசில எந்திரிக்கும்போது தான் அந்த அளவோட அருமை தெரிஞ்சுது.

முதல்ல வேகவைக்காத சிப்பியும் ப்ரூட் ஷாம்பெயினும். ப்ரூட்னா லிட்டருக்கு 12 கிராமுக்கு மேல சக்கரை இருக்கக் கூடாதாம், அதனால நல்ல புளிப்பு, சிப்பியோட உப்புக்கு மேல எலுமிச்சை புழிஞ்ச மாதிரி போய் உக்காருது. ஊத்தின தம்பி அப்பவே ஒரு விஷயம் சொன்னாரு, சாப்பாடு இனிப்பா இருந்தா ஒயின் இன்னும் புளிப்பா தெரியும் சார்னு. இத ஞாபகம் வெச்சுக்கோங்க.

ரெண்டாவது ஆட்டுப்பால் சீஸ் சாலட், கூட சான்செர். அது பிரான்ஸ்ல லுவார் பக்கத்துல சோவின்யோன் பிளாங்க்ங்கிற திராட்சைல பண்ற ஒயிட் ஒயின். நல்லா இருந்துச்சு, குறை ஒண்ணும் இல்ல.

மூணாவது தான் ஆச்சரியம், கிரில் பண்ண சால்மனுக்கு ரெட் ஒயின் வந்துச்சு! பினோ நுவார், லேசா சில்லுன்னு. மீனுக்கு ரெட்டான்னு கேட்டேன், அதுக்கு அவரு சிரிச்சுட்டு அடுத்த கோர்ஸுக்கு வெச்சிருந்த கேபர்னே சோவின்யோன்ங்கிற துவர்ப்பான ரெட்ல ஒரு சொட்டு ஊத்தி சால்மனோட குடிச்சு பாருங்கன்னாரு. ஐயோ, துருப்பிடிச்ச ஆணிய சப்புன மாதிரி, கவுச்சி வேற தூக்கலா. ஒயின்ல இருக்குற இரும்புச்சத்து மீன் கொழுப்போட சேர்ந்தா அந்த வாடை வருமாம், ரெட்ல அந்த இரும்பு பொதுவா கொஞ்சம் அதிகம், அதுக்கு மேல டானின்னு திராட்சைத் தோல்லேர்ந்து வர்ற துவர்ப்பும் சேர்ந்தா தாங்காது, ஆனா பினோல துவர்ப்பு கம்மி, சால்மன்ல கொழுப்பும் நல்லா இருக்கு, அதனால ஒத்துப் போகுது. இந்த ஒரு நிமிஷத்துக்கே அந்த தம்பிக்கு தனியா ஒரு ஸ்டார் தரலாம்.

நாலாவது லாம்ப் சாப்ஸ், அதே கேபர்னே. வெறுமனே குடிச்சா நாக்கு காஞ்ச துணி மாதிரி ஆயிடுது, ஏன்னா டானின் போய் எச்சில்ல இருக்குற புரதத்த பிடிச்சுக்குது. கறியோட குடிக்கும்போது கறியோட புரதமும் கொழுப்பும் அத வாங்கிக்குது, துவர்ப்பு அடங்கி பழ வாசனை மேல வருது. ஆனா பாட்டில கிச்சன் பக்கமா வெச்சிருந்தாங்க போல, வெதுவெதுன்னு வந்து ஆல்கஹால் நெடி மூக்குல ஏறுச்சு. ரெட்ட ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும்னு சொல்றது 16–18 டிகிரிய தான், வேர்த்துக் கொட்டுற ரூம இல்ல. ஐஸ் பக்கெட் கேட்டு பத்து நிமிஷம் வெச்சோம், வேற ஒயின் மாதிரி ஆயிடுச்சு.

இப்ப கடைசி. சாக்லேட் கேக். அதுக்கு என்ன கொண்டு வந்தாங்க தெரியுமா, முதல்ல குடிச்ச அதே ப்ரூட் ஷாம்பெயின்! கொண்டாட்டமா முடிக்கலாம்னு விளக்கம் வேற. ஒரு வாய் கேக், ஒரு மடக்கு ஷாம்பெயின், வைஃப் மூஞ்சிய பாக்கணுமே, வினிகர் குடிச்ச மாதிரி சுளிச்சா. அந்த தம்பி சொன்னதுக்கு நேர் எதிரா அவங்களே பண்றாங்க. கேக்கை விட ஒயின் இனிப்பா இருந்தா தான் தாங்கும், போர்ட்னு ஒரு இனிப்பு ஒயின் இருக்கே, அது மாதிரி. திராட்சைச் சாறு நொதிக்கும்போதே பாதில திராட்சை ஸ்பிரிட் ஊத்தி நிறுத்திடுறதால அதுல சக்கரை மிச்சம் இருக்கும், ஆல்கஹாலும் சுமார் 20% வரும். லிஸ்ட்ல போர்ட் இருக்கு, மாத்தித் தாங்கன்னு கேட்டா செட் மெனு, மாத்த முடியாதுன்னுட்டாங்க.

கேக்க தனியா முடிச்சு, தண்ணி குடிச்சு, கொஞ்ச நேரம் கழிச்சு அந்த ஷாம்பெயின குடிச்சேன், மறுபடி முதல் கிளாஸ் மாதிரியே அருமையா இருந்துச்சு. அஞ்சுக்கு மூணரை ஸ்டார். போறவங்க நாலு கோர்ஸோட நிறுத்திட்டு போர்ட்ட தனியா ஆர்டர் பண்ணிக்கோங்க.